எங்கள் ரிசர்வ் சைட்டில் கிராவல் கொட்டிவிட்டார்கள். இனி என்ன செய்வது?

வேப்பமரத்தடி · சனி, காலை 8.15

வணக்கங்க. நான் இங்கே படித்துவிட்டுப் போகிற ஆள். இன்றைக்கு எழுத வேண்டி வந்துவிட்டது.

கோவைக்குத் தெற்கே ஒரு பேரூராட்சியில் இருக்கிறது எங்கள் லேஅவுட். 1987-இல் அனுமதி வாங்கியது. மொத்தம் 4 ஏக்கர், 46 மனை. நடுவில் 28 சென்ட் ரிசர்வ் சைட், அதாவது பூங்காவுக்கு விட்ட இடம். பூங்கா என்று ஒரு பலகைகூடக் கிடையாது. ஒரு பெரிய வேம்பு, இரண்டு புங்கன், மழை பெய்தால் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிற ஒரு பள்ளம். பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். வேப்பமரத்தில் கரியால் இழுத்த மூன்று கோடுதான் ஸ்டம்ப்.

நேற்றுக் காலையில் பால் வாங்கப் போனால், அந்தப் பள்ளத்தில் இரண்டு டிப்பர் கிராவல் கிடக்கிறது. ஒருவர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். கேட்டதற்கு, "இது 47, 48, 49 நம்பர் சைட்டுங்க. கிரயம் வாங்கிட்டேன்" என்கிறார். எங்கள் லேஅவுட்டில் 46-க்கு மேல் நம்பரே இல்லை. கையில் பத்திர நகல் வைத்திருக்கிறார். பட்டாவும் இருக்கிறதாம். லேஅவுட் போட்டவர் காலமாகிவிட்டார், வாரிசுகள் விற்றிருக்கிறார்கள்.

உள்ளாட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அப்படி ஒரு பூங்கா எங்கள் பதிவேட்டில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் இருப்பது ஒரு ஜெராக்ஸ் பிளான்தான். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எடுத்து, பூங்கா இருக்கிற இடம் வெறும் கறுப்புத் திட்டாகத் தெரிகிறது.

எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?

பழைய வி.ஏ.ஓ. · சனி, காலை 9.40

தம்பி, பதற்றப்படாதீர்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம். 4 ஏக்கர் என்றால் 16,187 சதுர மீட்டர். ரோடு போக ஏறக்குறைய 11,300 மிச்சம் என்று வையுங்கள். அதில் பத்தில் ஒன்று 1,130 சதுர மீட்டர், அதாவது 28 சென்ட். லேஅவுட் போட்டால் ரோடு போக மிச்சத்தில் பத்து சதவீதம் பொது இடமாக விட வேண்டும் என்கிற கணக்கில் கச்சிதமாக விழுகிறது. உங்கள் ஜெராக்ஸ் பொய் சொல்லவில்லை.

பட்டா எப்படி அவர்கள் பேரில் வந்தது என்பதைச் சொல்கிறேன், நான் பார்க்காத கதையில்லை. லேஅவுட் போடும்போது நிலம் முழுக்க ஒரு தாய் சர்வே எண்ணில் இருக்கும். மனை வாங்கியவர்கள் ஒவ்வொருவராக உட்பிரிவு கேட்டுத் தங்கள் பேருக்குப் பட்டா மாற்றிக்கொள்வார்கள். ரோட்டுக்கும் பூங்காவுக்கும் மனு கொடுக்க யார் வருவார்? உள்ளாட்சி வராது. அந்த மிச்சம் தாய் எண்ணிலேயே, பழைய சொந்தக்காரர் பேரிலேயே கிடக்கும். அவர் காலமானதும் வாரிசுச் சான்று வைத்துப் பிள்ளைகள் பேருக்கு மாறும். கம்ப்யூட்டரில் பார்ப்பவனுக்கு அது காலி நிலம், சுத்தமான பட்டா.

செய்ய வேண்டியது:

முதலில் ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமை மனு. பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். "எல்லாத் தகவலும் தருக" என்று எழுதாதீர்கள். அனுமதிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் சான்றிட்ட நகல், அனுமதி ஆணையின் நகல், அதிலுள்ள நிபந்தனைகள். இந்த மூன்று மட்டும்.

அப்புறம் வில்லங்கம், அதாவது அந்த நிலத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். இதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். மனை எண்ணை வைத்துப் போடாதீர்கள். தாய் சர்வே எண்ணுக்கு 1985 முதல் இன்று வரை போடுங்கள். நீளமாக வரும். ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். ஆவணத்தின் தன்மை என்ற இடத்தில் "தானம்" என்று எங்காவது வருகிறதா, எழுதி வாங்கியவர் இடத்தில் உள்ளாட்சியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கோயமுத்தூர் குசும்பு · சனி, காலை 10.05

ஒரே ஒரு கேள்விங்க அண்ணா. அந்த 28 சென்ட்டில் பிள்ளையார் இருக்கிறாரா?

வேப்பமரத்தடி · சனி, காலை 10.30

இருக்கிறாருங்க. வடகிழக்கு மூலையில். 2011-இல் நாங்களே வீட்டுக்கு ஐந்தாயிரம் போட்டுக் கட்டினோம்.

கோயமுத்தூர் குசும்பு · சனி, காலை 10.32

நினைத்தேன். கோயமுத்தூரில் பிள்ளையார் இல்லாத ரிசர்வ் சைட்டும் கிடையாது, ஆக்கிரமிப்பு இல்லாத ரிசர்வ் சைட்டும் கிடையாது. சில இடத்தில் இரண்டும் ஒன்றே.

மூணாவது வீதி · சனி, மதியம் 12.50

தம்பி, நானும் அதே லேஅவுட்தான். பேர் சொல்லவில்லை, எழுத்தைப் பார்த்தே உங்களுக்குத் தெரிந்திருக்கும். குசும்புக்காரருக்கு ஒன்று சொல்கிறேன். அந்தப் பிள்ளையார் இல்லாமலிருந்தால் இந்த இடம் அடுத்த வருஷமே போயிருக்கும். அப்போதும் ஒரு ஜேசிபி வந்தது. சதுர்த்திக்குப் பந்தல் போட்டு ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தோம், அதனால்தான் திரும்பிப் போனது. காகிதத்தைக் காட்டி நிறுத்தச் சொன்னால் அன்றைக்கு எங்களிடம் என்ன காகிதம் இருந்தது? சாமியைத்தான் காட்டினோம்.

கறுப்புக் கோட்டு · சனி, இரவு 9.20

அம்மா சொல்வது நடைமுறையில் உண்மை. ஆனால் வழக்கென்று வந்தால் எதிர்த்தரப்பு முதலில் கையில் எடுப்பது அந்தக் கோவிலைத்தான். பொதுத் தெரு, பொதுப் பூங்கா மாதிரியான இடங்களில் கோவில், சர்ச், மசூதி எந்தப் பெயரிலும் அனுமதியில்லாமல் புதிதாகக் கட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. நீங்கள் கட்டியது 2011. "இவர்களே ஆக்கிரமித்துவிட்டு என்னைச் சொல்கிறார்கள்" என்று ஒரு வரி எழுதினால் போதும், உங்கள் மனு பாதி நொண்டிவிடும். கோவிலைப் பற்றி நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது. மறைத்தால் அசிங்கம்.

இனி சட்டம். 1991-இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கு. ராஜ்மஹால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கு என்று திட்டத்தில் ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள்தான் வழக்குப் போட்டார்கள். மருத்துவமனையும் மக்களுக்கு நல்லதுதானே என்ற வாதம் எடுபடவில்லை. திட்டத்தில் பூங்கா என்றால் பூங்காதான், அதைக் கேட்க அந்தப் பகுதி மக்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "உனக்கும் இந்த இடத்துக்கும் என்ன சம்பந்தம்" என்று யாராவது கேட்டால் இந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, 2023 பிப்ரவரி. சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று தொடர்பான வழக்கு. பத்து சதவீத இடத்தைத் தானப் பத்திரம் மூலம் கொடு என்று சொல்வது சொத்துரிமையைப் பறிப்பது என்று வாதிட்டார்கள். உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றது.

இப்போது கசப்பான பகுதி. தானப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுத்தால் பதிவு கட்டாயம். 80-களின் லேஅவுட்டுகளில் பலதில் பிளானில் பச்சை அடித்ததோடு சரி, பத்திரம் போடவே இல்லை. உங்களுடையது எந்த ரகம் என்பதை வி.ஏ.ஓ. ஐயா சொன்ன வில்லங்கம்தான் சொல்லும்.

லேஅவுட்காரன் · ஞாயிறு, காலை 7.10

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், மறுபக்கத்தையும் கேளுங்கள். நான் பதினெட்டு வருடமாக மனை போடுகிறவன். பத்து சதவீதம் எழுதிக் கொடுக்கிறோம், ரோடும் எழுதிக் கொடுக்கிறோம். வாங்கிக்கொண்ட உள்ளாட்சி அதில் ஒரு கம்பி வேலிகூடப் போடுவதில்லை. பார்த்தீனியம் ஆள் உயரத்துக்கு வளர்கிறது, பாம்பு வருகிறது, கோழிக் கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். பக்கத்து மனைக்காரர் எனக்கு போன் பண்ணி "உங்க பூங்காவால என் சைட் விலை போகலை" என்கிறார். அப்படியே கிடக்கும் இடத்தைப் பார்த்தால் வாரிசுக்கு ஆசை வரத்தான் செய்யும். செய்தது சரி என்று சொல்லவில்லை.

இன்னொரு உண்மையும் சொல்கிறேன். 3,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் ஒதுக்கீடு வேண்டாம். 3,000-லிருந்து 10,000 வரை இடம் கொடுக்கலாம், அல்லது அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 10,000-க்கு மேல் போனால் இடம்தான், பணம் செல்லாது. விதி இப்படி இருந்தால் கணக்குத் தெரிந்தவன் என்ன செய்வான்? ஒரே தோட்டத்தை அண்ணன் பேரில் 2,900, தம்பி பேரில் 2,900, மச்சான் பேரில் 2,900 என்று துண்டு போட்டு மூன்று மனு கொடுப்பான். மூன்றுக்கும் ஒரே கேட், ஒரே விளம்பரப் பலகை. நான் செய்ததில்லை. செய்தவர்களோடு டீ குடித்திருக்கிறேன்.

பழைய வி.ஏ.ஓ. · ஞாயிறு, காலை 7.55

லேஅவுட்காரர் மனசு விட்டுப் பேசியதற்கு நன்றி. வேலி விஷயத்தில் அவர் சொல்வதை மறுக்க முடியாது. ஆனால் "பராமரிக்கவில்லை, அதனால் விற்றான்" என்பது, வீட்டில் ஆள் இல்லை அதனால் எடுத்தேன் என்கிற மாதிரிதான் இருக்கிறது.

சதுப்புநில வாசி · ஞாயிறு, காலை 11.15

சென்னையிலிருந்து. உங்கள் 28 சென்ட் கதையைத்தான் நாங்கள் ஹெக்டேர் கணக்கில் அனுபவிக்கிறோம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் 317 ஹெக்டேரை 2007-இல் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-இல் ராம்சர் என்கிற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்தபோது பரப்பு 1,247.54 ஹெக்டேர். கேட்கச் சந்தோஷம்தான். ஆனால் ராம்சர் எல்லை வேறு, காப்புக்காட்டு எல்லை வேறு, திட்ட அனுமதி கொடுக்கிறவர் பார்க்கிற, எந்த நிலம் எதற்கு என்று சொல்கிற மாஸ்டர் பிளான் வரைபடம் வேறு. சண்டையெல்லாம் இந்த எல்லைகளுக்கு நடுவே விழுகிற நிலத்தில்தான். எங்களுக்கு அது தண்ணீர் நிற்கிற இடம். மாஸ்டர் பிளானிலோ அதில் ஒரு பகுதி குடியிருப்பு மண்டலம், பட்டா நிலம்.

2025-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சதுப்புநிலத்தின் பாதிப்பு மண்டலத்தை ஆய்வு செய்து முடிக்கும்வரை ராம்சர் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்கும் கட்டட அனுமதி கொடுக்காதே என்றது. உடனே இன்னொரு பிரச்சினை. ஏற்கெனவே வீடு கட்டிக்கொண்டிருந்த சாதாரண ஆட்கள் பேங்க் லோனோடு மாட்டிக்கொண்டார்கள். என் மைத்துனர் அதில் ஒருவர். ஒரு பக்கம் சதுப்புநிலத்துக்காகக் கூட்டத்துக்குப் போகிறேன், மறுபக்கம் அவர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் யாரும் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. ராம்சர் எல்லை வந்த அன்றே அதைச் சர்வே எண் வாரியாகத் திட்ட வரைபடத்தில் ஏற்றியிருந்தால் அவர் அந்த மனையை வாங்கியே இருக்க மாட்டார்.

மேலூர் தாமரை · ஞாயிறு, மாலை 5.40

எல்லாரும் நகரத்துக் கதையே சொல்கிறீர்கள், எங்கள் ஊர்ப் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். மதுரை பக்கம் அரிட்டாபட்டி. ஏழு மலை, 72 ஏரி, 200 சுனை என்று கணக்குச் சொல்வார்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே வருடம். 2024 நவம்பரில் டங்ஸ்டன் எடுக்க 2,000 ஹெக்டேருக்குமேல் ஏலம் விட்ட செய்தி வருகிறது. அந்த 193-உம் அதற்குள்ளேயே.

அந்த மாதம் நடந்த கிராம சபைகளில் ஊருக்கு ஊர் தீர்மானம் போட்டார்கள். எங்கள் அத்தை கையெழுத்துப் போடத் தெரியாதவர், கைநாட்டு வைத்துவிட்டு அந்த நீல மையைச் சாயங்காலம்வரை கழுவவில்லை. டிசம்பர் 9-இல் சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது. ஜனவரி 7-இல் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மதுரைக்கு நடந்தே போனார்கள். 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

கிராம சபைத் தீர்மானத்தால் மட்டும் நின்றது என்று சொல்ல மாட்டேன். கூட்டமும் அரசியலும் சேர்ந்துதான் நின்றது. ஆனால் "மக்கள் எதிர்க்கிறார்கள்" என்பதற்கு எழுத்தில் இருந்த அத்தாட்சி அந்தத் தீர்மான நோட்டுதான். உங்கள் பேரூராட்சியில் கிராம சபை கிடையாது என்பது தெரியும். மன்றக் கூட்டம் உண்டல்லவா? கவுன்சிலரை விட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

கோயமுத்தூர் குசும்பு · ஞாயிறு, மாலை 6.02

எங்கள் கவுன்சிலர் அந்த இடத்தில் மேல்நிலைத் தொட்டி கட்டத் தீர்மானம் போடுவார். அவருக்கு ரிசர்வ் சைட் என்றால் உள்ளாட்சி காசு கொடுத்து வாங்க வேண்டியில்லாத இடம். தொட்டி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குப்பை தரம் பிரிக்கிற ஷெட். அப்புறம் மிஞ்சிய நான்கு அடியில் "சிறுவர் பூங்கா" என்று ஒரு சறுக்கு மரம்.

சிராங்கூன் ரோடு · ஞாயிறு, இரவு 10.50

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே எல்லாம் திட்டப்படி நடக்கிறது என்று ஊரில் நினைக்கிறார்கள். நடக்கிறதுதான். ஆனால் திட்டம் என்றால் பச்சையைக் காப்பாற்றுவது என்று பொருளில்லை. புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா என்று ஓர் இடம். தண்ணீர் வடிந்தால் கடல் புல், நட்சத்திர மீன், நண்டு எல்லாம் காலடியில் தெரியும். அதை மண் போட்டுத் தூர்ப்பதற்குத் திட்டம் தயாராக இருந்தது. 2001-இல் ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் வேலை தொடங்குவதற்குமுன் ஓடி ஓடி அங்கே என்னென்ன உயிர் இருக்கிறது என்று கணக்கெடுத்துக் கொடுத்தார்கள். சனம் குடும்பம் குடும்பமாகப் பார்க்கப் போனது. கடைசி நேரத்தில் அரசு தள்ளிவைத்தது. ரத்து செய்யவில்லை, தள்ளிவைத்தது. 2007-இல் மரப்பாதை போட்டுத் திறந்தார்கள்.

இங்கே மாஸ்டர் பிளானை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள். வரைவை மக்கள் பார்வைக்கு வைப்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் என் புளோக் பக்கத்து மரக்கூட்டம் இன்னும் பச்சையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். கோவையில் அப்படிப் பார்க்க வழி இருக்கிறதா?

கறுப்புக் கோட்டு · திங்கள், காலை 6.45

இருக்கிறது, யாரும் போவதில்லை. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி மாஸ்டர் பிளான் வரைவை வெளியிட்டால் ஆட்சேபணைக்குக் குறைந்தது இரண்டு மாதம் கொடுத்தாக வேண்டும். கோவைக்கு 1994-க்குப் பிறகு புதிய வரைவு 2024 தொடக்கத்தில்தான் வந்தது. எங்கள் சங்கத்தில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தோம். அதே அறுபது நாளில் நிலம் வைத்திருப்பவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆள் வைத்து, சர்வே எண் போட்டு, "விவசாய மண்டலத்தை எனக்குக் குடியிருப்பாக மாற்று" என்று மனு கொடுத்தார்கள். மாற்று என்று கேட்க ஆள் இருக்கிறது. மாற்றாதே என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

பச்சை நிறத்தை நம்பி உட்கார்ந்துவிடவும் கூடாது. அதே சட்டத்தில் 38-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தனியார் நிலத்தைத் திட்டத்தில் பூங்கா என்று குறித்துவிட்டு, மூன்று வருடத்துக்குள் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்காவிட்டால் அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கருதப்படும். இதை வைத்து விடுவிக்கப்பட்ட பூங்கா இடங்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. வரைபடத்தில் நிறம் அடிப்பது சுலபம், வாங்கப் பணம் ஒதுக்குவதுதான் கஷ்டம்.

வேப்பமரத்தடிக்கு: இந்தப் பிரிவை உங்கள் வழக்கிலும் தூக்கிக்கொண்டு வருவார்கள். பயப்படாதீர்கள். லேஅவுட் அனுமதிக்காகச் சொந்தக்காரரே விட்டுக்கொடுத்த இடம் வேறு கணக்கு. அதனால்தான் தானப் பத்திரம் தானப் பத்திரம் என்று நச்சரிக்கிறோம்.

வேப்பமரத்தடி · 34 நாள் கழித்து, வெள்ளி, இரவு 8.30

மன்னிக்கவும், ரொம்ப நாள் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

தாய் எண்ணுக்கு வில்லங்கம் போட்டேன். பதினாறு பக்கம் வந்தது. மூன்று ராத்திரி உட்கார்ந்து ஸ்கேல் வைத்து வரி வரியாகப் படித்தேன். எல்லாம் கிரயம், கிரயம், அடமானம், ரசீது, கிரயம். பதினோராவது பக்கத்தில், 1988-இல், "தானம்". எழுதிக் கொடுத்தவர் லேஅவுட் போட்டவர். எழுதி வாங்கியவர் செயல் அலுவலர், பேரூராட்சி என்று இருக்கிறது. நான் கத்தியதில் வீட்டில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

மறுநாளே நகல் மனு போட்டேன். கையெழுத்துப் பத்திரம். சொத்து விவரத்தில் 30 அடி ரோடு, 23 அடி ரோடு, எல்லாவற்றுக்கும் அளவு போட்டு, கடைசி வரியில் "மேற்படி மனைப்பிரிவில் பூங்காவுக்கு விடப்பட்ட 28 சென்ட் நிலமும்" என்று எழுதியிருக்கிறது. நான்கு பக்க எல்லையும் இருக்கிறது. எங்கள் உள்ளாட்சிக்குச் சொந்தமான இடம், அவர்களுக்கே தெரியாமல் இத்தனை வருடம்!

ஆர்.டி.ஐ. பதிலும் வந்தது. சான்றிட்ட பிளானில் அந்தக் கறுப்புத் திட்டு தெளிவாக "பூங்கா" என்று இருக்கிறது.

அந்த டேப் பிடித்தவர் ஒருநாள் சாயங்காலம் வந்தார். நான் நகலைக் காட்டினேன். கோவில் படியில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தார். அவர் வாங்கும்போது 30 வருட வில்லங்கம்தான் பார்த்திருக்கிறார். 1988 அதற்கு வெளியே நிற்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. பையன் படிப்பு முடிந்ததும் கட்டலாம் என்று சேர்த்த பணமாம். ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். ஜெயித்த மாதிரியே இல்லைங்க.

லேஅவுட்காரன் · வெள்ளி, இரவு 9.05

அவரிடம் சொல்லுங்கள், வாரிசுகள்மேல் பணத்தைத் திரும்பக் கேட்டு உடனே நோட்டீஸ் அனுப்பட்டும். தாமதித்தால் அவர்கள் கையில் பணம் இருக்காது. போலீசில் மோசடிப் புகாரும் கொடுக்கட்டும். உங்கள் தானப் பத்திர நகலைக் கொடுங்கள், அவருக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது. அவர் உங்கள் எதிரி இல்லை.

பழைய வி.ஏ.ஓ. · சனி, காலை 6.10

பலே தம்பி. இனி வரிசையாகப் போங்கள். பட்டாவை எதிர்த்து கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. அங்கே சரிப்படாவிட்டால் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. தானப் பத்திர நகலோடு சார்பதிவாளருக்கு ஆட்சேபணை மனு கொடுத்து, உள்ளாட்சிச் சொத்து என்பதால் இந்த எண்ணில் மேற்கொண்டு பதிவு செய்யாதீர்கள் என்று கேளுங்கள். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒப்புதல் முத்திரை வாங்குங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

அப்புறம் அளவை. உள்ளாட்சியையே மனு போடச் சொல்லி சர்வேயரை வரவழைத்து நான்கு மூலைக்கும் கல் நடுங்கள். இது விட்டுப்போனால் இன்னும் இருபது வருடத்தில் உங்கள் பேரன் இதே இழையைத் தொடங்குவான்.

வேப்பமரத்தடி · 18 நாள் கழித்து, செவ்வாய், இரவு 9.45

மேல்முறையீடு எண் ஆகிவிட்டது, அடுத்த மாதம் விசாரணை. கிராவலை அவரே லோடு ஆட்டோ வைத்து எடுத்துக்கொண்டு போனார். ஆனாலும் கொஞ்சம் மண்ணோடு கலந்து கிடக்கிறது, பள்ளத்தில் முன்போல தண்ணீர் நிற்குமா தெரியவில்லை.

இன்று சர்வேயர் வந்து ஒரு தடவை சும்மா பார்த்தார். மூன்று மூலைக் கல்லும் கிடைத்தன. ஒன்று புங்கன் வேருக்குள் போய், வேர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான்காவது கல் வடகிழக்கு மூலை. அதாவது பிள்ளையார் மேடைக்கு அடியில்.

மூணாவது வீதி · செவ்வாய், இரவு 10.20

இதைப் பற்றிச் சாயங்காலமே பத்துப் பேர் பேசினோம் தம்பி. மேடையை இடிக்கிறது என்றால் நான் சம்மதிக்க மாட்டேன். ஆனால் பிள்ளையார் சின்னவர்தானே. நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். மேடையை எடுத்துவிட்டு, வேப்பமரத்தடியில் சும்மா மண்ணில் உட்கார வைக்கலாமா என்று பூசாரியைக் கேட்டிருக்கிறேன். பாலாலயம் பண்ணித்தான் நகர்த்தணும், நாள் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

கறுப்புக் கோட்டு · செவ்வாய், இரவு 10.41

மரத்தடியில் வைத்தாலும் சட்டம் சட்டம்தான் அம்மா. ஆனால் சிமெண்ட் மேடை இல்லையென்றால் யாரும் அளந்து சண்டைக்கு வர மாட்டார்கள். மனுவில் நான் எழுதிக்கொள்கிறேன்.

கோயமுத்தூர் குசும்பு · செவ்வாய், இரவு 10.44

ஸ்டம்ப் வரைந்த பக்கம் மட்டும் வைத்துவிடாதீர்கள் அக்கா. அவுட்டா இல்லையா என்று பிள்ளையாரைக் கேட்பார்கள்.

வேப்பமரத்தடி · புதன், காலை 6.30

வியாழக்கிழமை காலை 7 மணிக்கு முறைப்படி அளவை. பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கிறது, சங்கிலி பிடிக்க முடியாது என்று சர்வேயர் சொல்லிவிட்டார். பக்கத்தில் இருப்பவர்கள் 6 மணிக்கே வந்தால் வெட்டிவிடலாம். கையுறை போட்டு வாருங்கள், சிலருக்கு அது ஆகாது. மண்வெட்டி என்னிடம் இரண்டு இருக்கிறது, இன்னும் நான்கு வேண்டும்.

லேஅவுட்காரன் · புதன், காலை 6.52

நான் பக்கத்து ஊர்தான். ஆறு மண்வெட்டியும் இரண்டு ஆளும் அனுப்புகிறேன். நடுகல் எட்டு எங்கள் குடோனில் சும்மா கிடக்கிறது, அதையும் ஏற்றிவிடுகிறேன். டீ மட்டும் உங்கள் செலவு.